ரோயல் என்ற சொல்லும் ஒரு டின் தேயிலையும்

1

கூடியிருந்தோர் நால்வர். இடம், மவுண்ட் ஆல்பர்ட்டில் பழைய மரவீடொன்றைக் கிளினிக்காக மாற்றிய கட்டடத்தின் பின்னறை. சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணி. டாக்டர் தேவ் நாராயண் சன்னலுக்கு முதுகைக் காட்டி மேசையின் தலைப்பக்கம் இருந்தார். டாக்டர் பிரசாத் கேத்திலுக்குப் பக்கத்தில். டாக்டர் கம்சாயினி கதவோரம். நான்காவது ஆள், கம்சாயினியின் அண்ணன் யசீகரன், அறைக்குள் இருக்கவில்லை. வெளியே நடையில், நோயாளர் காத்திருக்கும் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தான். தங்கையின் கார் கராஜில் நின்றதால் அவளை ஏற்றிப்போக வந்தவன். கதவு திறந்திருந்தது.

ஒரு கதையை இப்படித் தொடங்கக்கூடாது என்று எனக்கும் தெரியும். ஆனால் என் கை கடிதம் எழுதிப் பழகிய கை. சாவகச்சேரியில் நான் படித்த பள்ளிக்கூடத்தில், யார், எங்கே, எப்போது என்பதை முதலில் எழுது, மனத்தாங்கலைப் பிறகு எழுது என்று பழக்கினார்கள். ஒக்லண்டுக்கு வந்தபிறகும் விசாவுக்கு, கவுன்சிலுக்கு, வீட்டுச் சொந்தக்காரருக்கு என்று ஆட்கள் கேட்டுவர எழுதிக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்தக் கதையும் அப்படித்தான் வந்தது. மருத்துவர் ஒருவர் தன் கல்லூரி அனுப்பிய படிவம் ஒன்றைக் காட்டினார். (கல்லூரி என்றதும் பிள்ளைகள் படிக்கும் இடத்தை நினைக்க வேண்டாம். மருத்துவர்களுக்குப் பரீட்சை வைத்து, இன்னார் இன்ன துறையில் தேர்ந்தவர் என்று ஏற்றுக்கொள்ளும் சங்கம்.) “எங்கள் பெயரில் ‘ரோயல்’ என்ற சொல் நீடிக்க வேண்டுமா?” என்று ஒரு கேள்வி. மன்னரின் அனுமதியோடு சங்கங்கள் சூட்டிக்கொள்ளும் ‘அரச’ என்ற அடைமொழி அது. ஆம், இல்லை, கருத்தில்லை என்று மூன்று பெட்டிகள். அவர் ‘கருத்தில்லை’க்கு ஒரு கோடு போட்டுவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தார்.

ஒருவர் அவ்வளவு வேகமாகத் தனக்குக் கருத்தில்லை என்றால் எனக்குச் சந்தேகம் வரும். சந்தேகத்திலிருந்துதான் கம்சாயினி வந்தாள். அவளுடைய கல்லூரி நான் கட்டியது. தேடாதீர்கள், கிடைக்காது.

2

தேவ் நாராயண் பிஜியில் பிறந்து இங்கேயே மருத்துவம் படித்தவர். அறுபதைத் தாண்டிவிட்டார். கல்லூரியின் ஒக்லண்ட் கிளைத் தலைவர். தமிழ் தெரியாது. அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம். நான் தமிழில் தருகிறேன். என் வசதிக்கு வளைத்திருப்பேனோ என்று நீங்கள் சந்தேகப்படலாம். படுங்கள்.

“ரோயல் என்ற சொல் இனி வேண்டாம் என்று கிளை ஒரு கடிதம் அனுப்புகிறது,” என்றார். “முதல் கையெழுத்து உங்களுடையதாக இருந்தால் நல்லது, கம்சாயினி.”

“ஏன் என்னுடையது?”

“நீங்கள் எதையெல்லாம் கடந்து இங்கே வந்தீர்கள் என்று எல்லோருக்கும் தெரியும். உங்கள் பெயருக்கு ஒரு கனம் இருக்கிறது.”

அந்தக் கனம் அவளுக்குத் தெரியும். தொலைபேசியில் அவளுடைய பெயரைச் சொல்லப் புறப்பட்டு நடுவழியில் இறங்கிவிடுபவர்களை இருபது வருடமாகக் கேட்டு வருகிறாள்.

பிரசாத் கேத்திலை அமர்த்திவிட்டு, தேவுக்கு விளங்காத தமிழில் சொன்னான்: “மாட்டிக்கிட்டீங்க டாக்டர். நான் கையெழுத்துப் போட மாட்டேன். என் சர்டிஃபிகேட்ட எங்கப்பா மதுரைல ஹால்ல மாட்டி வச்சிருக்காரு. வர்றவங்ககிட்டல்லாம் ராஜா குடுத்ததுன்னு சொல்றாரு. ராஜா குடுக்கலப்பா, நான் பரீட்சை எழுதுனேன்னு சொன்னா, சும்மா இருடாங்கிறாரு.”

“என்ன சொல்கிறார்?” என்று தேவ் கேட்டார்.

“தன்னுடைய அப்பாவைப் பற்றி,” என்றாள் கம்சாயினி.

பிரசாத் ஆங்கிலத்துக்கு மாறினான். இந்த நாட்டின் பூர்வகுடிகளான மவோரி மக்களோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதே மன்னரின் கிரீடம்தானே, அந்தக் கிரீடத்தை எங்கள் பலகையிலிருந்து நாங்களே கழற்றினால் கொடுத்த வாக்கையும் சேர்த்துக் கழற்றியது போலாகாதா என்று கேட்டான். அதைக் கல்லூரியின் மவோரி உறுப்பினர்கள் சொல்லட்டும், அவர்களுக்கென்று தனிக் கூட்டம் இருக்கிறது என்றார் தேவ். நியாயமான பதில். நியாயமாக இருந்ததாலேயே கம்சாயினி அவரை இன்னொரு முறை உற்றுப் பார்த்தாள்.

யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். கூட்டம் கலைந்தது. நடையில் தேவ் நின்றார். யசீகரனுக்குக் கை நீட்டினார்.

“யசீகரன்தானே? உங்கள் பெயரைப் பார்த்திருக்கிறேன்.”

சிரித்தார். போய்விட்டார்.

அந்த ஒரு வாக்கியம் ஏன் பெரிது என்று சொல்லிவிடுகிறேன். யசீகரன் யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் டாக்டராக இருந்தவன். ஒக்லண்டில் ஒன்பது வருடமாக, த்ரீ கிங்ஸ் கடைத்தொகுதிப் பக்கத்தில் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில், வருகிறவர்களின் நரம்பைத் தேடி ஊசி குத்தி இரத்தம் எடுக்கிறான். இங்கத்தைய பரீட்சைகளை இரண்டாம் தடவையில் பாஸ் பண்ணிவிட்டான். இனி, அந்தப் பதினொரு வருடத்தை வருடமாக எண்ணுவதா இல்லையா என்று கல்லூரியின் மூவர் குழு தீர்மானிக்க வேண்டும். எண்ணினால், வடக்கே ஒரு சிற்றூரின் கிளினிக்கில் அவனுக்கு இடம் காத்திருக்கிறது. இம்மாதம் முப்பதாம் தேதி வரைதான் காத்திருக்கும். குழு இருபத்தோராம் தேதி கூடுகிறது.

குழுவின் தலைவர் தேவ் நாராயண்.

3

இந்தக் கதைக்கு நான் எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள்:

தேவ் நாராயணின் புன்னகைக்குள் ஒரு

[வில்லன் சிரிப்பு. வேண்டாம்.]

அதிகாரம் தன்னைத் தானே கழுவிக்கொள்ளும்போது எப்போதும் பிறருடைய

[கட்டுரை. இந்த மாதிரி வசனத்துக்குப் பள்ளிக்கூடத்திலேயே பத்துக்கு நாலுதான் கிடைத்தது.]

யசீகரன் அன்று ஐம்பத்திரண்டு பேருக்கு இரத்தம் எடுத்திருந்தான்

[இது பிடித்திருந்தது. ஆனால் கதை அவனுடையது என்று நினைத்துவிடுவீர்கள். நட்டம் அவனுக்கு, முடிவு அவளுக்கு. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்திருந்தால் எனக்கும் வேலை சுலபம்.]

ஞாயிறு மத்தியானம் தகனினியில் அண்ணன் வீட்டில் சாப்பாடு. யசீகரனின் மனைவி உஷா கறிச்சட்டியை மேசையில் வைத்துவிட்டு இருக்கவே இல்லை, நின்றபடியே தொடங்கினாள்.

“பேரைப் பார்த்தனான் எண்டு ஒராள் சும்மா சொல்லுவாரே, மச்சாள்? ஃபைல் தன்ர கையில எண்டுதான் அதின்ர கருத்து.”

“அந்தாள் மரியாதைக்குச் சொன்னது,” என்றான் யசீகரன்.

“மரியாதைக்கு ஹலோ காணும்.”

“நான் இப்ப கையெழுத்து வச்சால் அது அண்ணாக்காக வச்ச கையெழுத்தாப் போயிடும்,” என்றாள் கம்சாயினி.

“அது ஆருக்குத் தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியும் தானே.”

“நல்லது. உங்களுக்கு மட்டும் தெரிஞ்சால் பிரச்சினை இல்லை. கையெழுத்தைப் போடுங்கோ.”

யசீகரன் சிரித்தான். பிறகு சோற்றைப் பிசைந்தபடி, “ரோயல் இருந்தால் என்ன, போனால் என்ன. கீழ என்ர பேர் வரவேணும். எனக்கு அவ்வளவுதான்,” என்றான்.

அவளுக்கு அவ்வளவுதானா? கம்சாயினி வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மோட்டர்வேயில் இதையே யோசித்தாள். குடியுரிமை எடுத்த அன்று நகரமண்டபத்தில் கையைத் தூக்கி, ராணிக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று சொன்னவள். சொல்லும்போது பொய் சொல்வதாகத் தோன்றவில்லை. உண்மை சொல்வதாகவும் தோன்றவில்லை. கல்லூரிச் சான்றிதழில் இருந்த கிரீடத்தை அவள் உற்றுப் பார்த்ததே இல்லை. அதற்குக் கீழே தன் பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தாள். இப்போது கேட்கிறார்கள். தனக்கென்று ஒரு கருத்து இருக்குமானால் அது என்னவென்று அறியவே அவளுக்கு ஆசையாக இருந்தது. அதற்குள் அந்தக் கருத்தில் அண்ணனின் வேலையைக் கொண்டுவந்து கட்டிவிட்டார்கள். அல்லது யாருமே கட்டவில்லை, அவளே கட்டிக்கொண்டாள்.

நேரே போய்க் கேட்டுவிடுவது என்று தீர்மானித்தாள். தொலைபேசியில் உஷாவிடம் சொன்னபோது உஷா ஒன்றுதான் சொன்னாள்: “வெறுங்கையோட போகாதேங்கோ.”

4

தேவின் வீடு த்ரீ கிங்ஸில். புதன்கிழமை கிளினிக் முடிந்து ஐந்தரை மணிக்குப் போனாள். கையில் ஒரு டின் இலங்கைத் தேயிலை, உஷா கொடுத்துவிட்ட பயற்றம் பணியாரம் ஒரு டப்பா.*

* அடிக்குறிப்பு: எங்களில் ஒரு வீட்டுக்கு முதல் தடவை போகிறவர் கையை வீசிக்கொண்டு போக முடியாது. போனால், போனவரின் குணத்தைப் பற்றி அல்ல, அவரை வளர்த்தவர்களின் குணத்தைப் பற்றிப் பேச்சு வரும். இதை லஞ்சம் என்று சொல்லிப் பிடிப்பதானால் சாவகச்சேரியில் மறியல்சாலை போதாது.

தேவின் மனைவி பிம்லா கதவைத் திறந்து, “ஐயோ, எதற்கு இதெல்லாம்,” என்று இரண்டையும் வாங்கிப் பழத்தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

கம்சாயினி கேட்க வந்தது ஒரு கேள்வி. ‘கையெழுத்துக்கும் என் அண்ணனின் விண்ணப்பத்துக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?’ அந்தக் கேள்வி வாய்வரை வந்தது. ஆனால் எதிரே இருப்பவர் நேர்மையானவரானால் அதைவிடப் பெரிய அவமானம் வேறில்லை. அப்படி இல்லாவிட்டால் அதற்கு உண்மையான பதில் வராது. ஆகவே அவள் ரோயலைப் பற்றியே பேசினாள்.

“பெயர் போனபிறகு என்ன மாறும், டாக்டர்?”

“என் பாட்டனைக் கரும்பு வெட்டக் கப்பலில் ஏற்றிய காகிதத்தில் அந்தக் கிரீடம் இருந்தது,” என்றார் தேவ். “ஐந்து வருட ஒப்பந்தம். திரும்பிப் போகவே இல்லை. என் சான்றிதழிலும் அதே கிரீடம். நாற்பது வருடமாக நான் அதைக் கழற்றச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். முதலில் பெயர் போகட்டும்.”

அவர் குரல் உயரவில்லை. கம்சாயினி அதை நம்பினாள். நம்பியபடியே, இதை எத்தனை பேரிடம் இதே ஒழுங்கில் சொல்லியிருப்பார் என்றும் எண்ணினாள்.

“வெளியே படித்துவிட்டு வருகிறவர்களுக்கு, என் அண்ணனைப் போல—” என்று தொடங்கி, நிறுத்தினாள்.

தேவ் பழத்தட்டுப் பக்கம் பார்த்தார்.

“இது உங்கள் அண்ணன் வீட்டிலிருந்தா?”

“அண்ணி செய்தது,” என்றாள். பெருமையோடுதான் சொன்னாள்.

5

வெள்ளிக்கிழமை காலை, இரண்டு நோயாளருக்கு இடையில் மின்னஞ்சலைத் திறந்தாள். பொறுப்பில் இருப்பவர்கள் தாம் வாங்கிய பரிசு, தமக்குள்ள உறவு எல்லாவற்றையும் அறிவிக்கும் கல்லூரியின் நலமுரண் பதிவேட்டில் புதிதாக ஒரு பதிவு. அவளுக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தார்கள்.

‘தேயிலை டின் ஒன்று, வீட்டில் செய்த இனிப்பு ஒரு டப்பா. டாக்டர் கம்சாயினியிடமிருந்து என் வீட்டில் பெறப்பட்டவை. அவருடைய சகோதரரின் விண்ணப்பம் குழுவின் முன் இருப்பதால், அதைப் பரிசீலிப்பதிலிருந்து நான் விலகுகிறேன். தே. நாராயண்.’

அவளுக்குக் காது சுட்டது. அடுத்த நோயாளரைக் கூப்பிடாமல் பிரசாத்துக்குப் போன் எடுத்தாள்.

“படிச்சேன்,” என்றான் பிரசாத். “ஏங்க, ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா? இவங்க பேனா குடுத்தாக்கூட எழுதி வைப்பாங்க.”

“நான் ஒண்டும் கேக்கேல்லை அவரிட்ட. ஒரு சொல்லுக் கேக்கேல்லை.”

“தெரியும். கேட்டிருந்தா அதையும் எழுதியிருப்பாரு.” பிறகு, “போன வருஷம் வெளிநாட்டுல படிச்ச நாலு பேரை உள்ள விட்டதே அவருதான். மத்த ரெண்டு பேரும் தலைகூட ஆட்ட மாட்டாங்க,” என்றான்.

“அப்ப அவருக்குப் பதிலா ஆர்?”

“கிரைஸ்ட்சேர்ச்லேர்ந்து ஒருத்தர் வர்றாரு. போன மாசம் நியூஸ்லெட்டர்ல ராயல் போகக்கூடாதுன்னு ரெண்டு பக்கம் எழுதினாரே, அவரு. கூட்டமும் இருபத்தொன்பதுக்குப் போயிடுச்சு.”

முப்பதாம் தேதிக்கு ஒரு நாள் முன்பு. ரோயலைப் பற்றிக் கல்லூரி உறுப்பினர்களிடம் நடத்தும் கருத்துக்கேட்பு இருபத்தைந்தோடு முடிகிறது. வந்த கருத்துகள் எல்லாம், எழுதியவர் பெயரோடு, மறுநாளே வெளியாகும்.

6

இங்கே நான் பேனையை வைத்துவிட்டு மூன்று நாள் எழுதவில்லை. தேவ் நாராயணை எனக்குப் பிடிபடவில்லை.

அவரை நேர்மையானவராக எழுதிப் பார்த்தேன். பதிவேட்டில் எழுதாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. தேயிலையை அலுவலகத்துக்கு எடுத்துப்போய் எல்லோருக்கும் பொதுவில் வைக்கிறார். சரியாகத்தான் இருந்தது. ஆனால் விலகாமலும் எழுதியிருக்கலாமே என்று ஒரு குரல்.

அவரைத் தந்திரக்காரராக எழுதிப் பார்த்தேன். இந்த விண்ணப்பத்தில் ஆம் என்றால் ‘கையெழுத்துக்குக் கைமாறு’ என்பார்கள். இல்லை என்றால் பழி. நழுவ ஒரு வழி தேடிக்கொண்டிருந்தார், தேயிலை வந்து சேர்ந்தது. இதுவும் சரியாகத்தான் இருந்தது. அதுதான் பயமாக இருக்கிறது.

(உங்களுக்கு இன்னொரு சந்தேகமும் வந்திருக்கும்: ஏன் பிஜிக்காரர்? ஒரு வெள்ளைக்காரரைத் தலைவராக்கியிருந்தால் யாரைச் சந்தேகிப்பது என்று உங்களுக்கும் எனக்கும் முதல் பக்கத்திலேயே தெரிந்திருக்கும். அப்படித் தெரிகிற கதையை எழுத எனக்குத் துணிவு போதவில்லை. துணிவா, நேர்மையா என்பதையும் நான் தீர்க்கவில்லை.)

நாலாம் நாள் கதை தானாக நகர்ந்தது. கிளைக் கடிதத்தின் இறுதிப் பிரதி கம்சாயினியின் கிளினிக்குக்கு வந்தது. முதல் கையெழுத்துக்கான கோடு வெறுமையாக இருந்தது. மேலே ஒரு மஞ்சள் ஒட்டுத்தாள், தேவ் கைப்பட எழுதியது: ‘இதற்கும் அதற்கும் தொடர்பில்லை.’

அவள் அதைப் பிரித்து மேசை விளிம்பில் ஒட்டினாள். நாள் முழுக்க ஒவ்வொரு நோயாளருக்கும் பின்னால் அதை வாசித்தாள். தொடர்பில்லாத இரண்டு விஷயங்களைப் பற்றி யாராவது அப்படி எழுதுவார்களா?

7

முடிவுகள். எழுதியவற்றில் நிற்கக்கூடியவை இரண்டு.

அ. அவள் கிளைக் கடிதத்தில் கையெழுத்து வைக்கிறாள். வைத்தால் தேயிலைக்குப் பிறகு இரண்டாவது பரிசு அது. கிரைஸ்ட்சேர்ச் டாக்டரும் வாசிப்பார்.

ஆ. ரோயல் இருக்கட்டும் என்று எழுதுகிறாள். கிரைஸ்ட்சேர்ச் டாக்டருக்குச் சந்தோஷம். அண்ணனுக்கு வடக்கே வேலை. அவள் எழுதியது பொய்.

மூன்றாவதாக ஒன்றை யசீகரனே சொன்னான். த்ரீ கிங்ஸ் கார்ப் பார்க்கில், அவனுடைய அரைமணி நேரச் சாப்பாட்டு இடைவேளையில், அவளுடைய காருக்குள்.

“எழுதாமலே விடன், கம்சா.”

“எழுதாட்டியும் ஆக்கள் வாசிப்பினம், அண்ணா. தேயிலை கொண்டு போனவள், பிடிபட்டதும் பேசாமல் இருந்திட்டாள் எண்டு.”

“ஆக்கள் என்னத்தையும் சொல்லட்டும். ஒன்பது வருசம் ஊசி குத்திக்கொண்டு நிக்கிறன். இன்னும் ஒன்பது நாள். அதுக்குள்ள நீ கொள்கை கதைக்க வந்திருக்கிறாய்.”

“கொள்கை இல்லை.” அவள் பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தாள். “என்ன நினைக்கிறன் எண்டு எனக்கு இப்பதான் தெரிஞ்சது. வாசிச்சுப் பாருங்கோ. நீங்கள் வேண்டாம் எண்டால் அனுப்ப மாட்டன். அனுப்பாமல் விடுறது பொய்யில்லை.”

கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. கிளையின் கடிதமல்ல, அவளுடையது. இலக்கமிட்டு எழுதியிருந்தாள்; அது என்னிடமிருந்து அவளுக்குத் தொற்றிய பழக்கமாக இருக்கலாம்.

‘ஒன்று. நான் இந்தக் கல்லூரியின் உறுப்பினர். இதைத் தனி ஆளாக எழுதுகிறேன்.

இரண்டு. என் சகோதரரும் முன்னாள் மருத்துவருமான யசீகரனின் விண்ணப்பம் உங்கள் குழுவின் முன் இருக்கிறது.

மூன்று. கிளைத் தலைவரின் வீட்டுக்குத் தேயிலையும் இனிப்பும் கொண்டுபோனேன். ஒரு வீட்டுக்குப் போகும்போது நாங்கள் செய்வது அது. இதை நீங்கள் பதிவேட்டில் வாசித்திருப்பீர்கள். என் வாயாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்கு. ரோயல் என்ற சொல் போகட்டும். எந்த மன்னரும் எனக்குப் பரீட்சை வைக்கவில்லை. நீங்கள்தான் வைத்தீர்கள், நீங்கள்தான் பொறுப்பு. ஒரு கிரீடத்துக்குப் பின்னால் உங்களை நான் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஐந்து. பலகையை மாற்றிய அன்று, மாறிவிட்டோம் என்று அறிக்கை விடாதீர்கள். வெளியே படித்தவர்களின் வருடங்களை எண்ணும் குழுவில், வெளியே படித்த ஒருவருக்குக்கூட இன்றுவரை வாக்கில்லை. கிரீடத்தைக் கழற்றிவைத்துவிட்டு அதே ஆசனத்தில் அமர்ந்திருக்கலாம். அப்படி அமர்ந்திருப்பவரை அடையாளம் காண்பதுதான் கடினம்.’

8

இருபத்தொன்பதாம் தேதி குழு என்ன சொன்னது என்று நான் எழுதப்போவதில்லை. மூவரையும் ஒரு மேசையில் இருத்தி, யார் எங்கே இருந்தார்கள் என்பதுவரை எழுதினேன். அவர்கள் வாயைத் திறக்குமுன் தாளைக் கிழித்துவிட்டேன். ஆம் என்று எழுதினால் இந்தக் கடிதம் ஒரு தந்திரமாகிவிடும். இல்லை என்று எழுதினால் ஒரு பிழையாகிவிடும். அந்தக் கூட்டத்தை நீங்கள் நடத்துங்கள். உங்களுக்குத் தெரிந்த ஏதோ ஒரு குழுவைத்தான் அங்கே இருத்துவீர்கள், எனக்குத் தெரியும். காருக்குள் நடந்ததை மட்டும் மாற்ற வேண்டாம்.

யசீகரன் இரண்டு தடவை வாசித்தான். மடியில் இருந்த சாப்பாட்டுப் பெட்டி திறக்கப்படவில்லை.

“கிரைஸ்ட்சேர்ச் ஆள் இதை வாசிப்பாரோ?”

“வாசிப்பார்.”

“இருபத்தொன்பதுக்கு முதலோ?”

“ஓம்.”

அவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான். தள்ளுவண்டிகளை ஒருவர் வரிசையாக இழுத்துப் போய்க்கொண்டிருந்தார். அவன் முழு வரிசையும் போய் முடியும்வரை பார்த்தான்.

“இதில ஒரு பிழை இருக்கு,” என்றான்.

இரண்டாம் இலக்கத்தை எடுக்கச் சொல்லப்போகிறான் என்று அவள் நினைத்தாள். எடுத்தால் முழுக் கடிதத்தையும் எடுக்க வேண்டும். சரி என்று சொல்ல ஆயத்தமானாள்.

அவன் விரல் ஒரு சொல்லின் மேல் வந்து நின்றது.

“முன்னாள் மருத்துவர். ஆர் சொன்னது?”

அவள் குனிந்து அந்தச் சொல்லைப் பார்த்தாள்.

“வெட்டு.”

“திரும்ப பிரிண்ட் எடுத்துக்கொண்டு வரட்டே?”

“தேவையில்லை. பேனையால வெட்டு. வெட்டினது தெரியட்டும்.”

கம்சாயினி தாளைக் கைப்பையின் மேல் வைத்து, ‘முன்னாள்’ என்ற அந்த ஒரு சொல்லின் நடுவே கோடு இழுத்து, ஓரத்தில் தன் பெயரின் முதலெழுத்தைப் போட்டாள். தாளை மூன்றாக மடித்தாள். யசீகரன் உறையை வாங்கி, ஒட்டும் விளிம்பின் நாடாவை உரித்து, நரம்பின் மேல் பஞ்சை அமர்த்துகிறவன்போல் பெருவிரலால் இரண்டு முனைக்கும் அழுத்தினான். இடைவேளையில் ஆறு நிமிடம் மிச்சம் இருந்தது. கடைத்தொகுதிக்குள் பார்மசியோடு சேர்ந்த தபால் கவுண்டரில், பதிவுத் தபால்தானே என்று கேட்ட பெண்ணிடம் ஓம் என்றே சொல்லிவிட்டு, பிறகு யெஸ் என்றான். அவள் முத்திரை குத்தி உறையைப் பின்னாலிருந்த சாக்குக்குள் போட்டாள்.